எலிக்குக் கீட்டோ கொடுத்தால் அல்சைமர் குறையுமா?

கே: மேடம், மூளைக்குக் குளுக்கோஸ்தானே சாப்பாடு? கீட்டோ உணவு என்று மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, கொழுப்பைக் கூட்டினால் அது எப்படி ஓடும்?

ப: மாவுச்சத்து வெகுவாகக் குறைந்தால், கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளைச் செய்து ரத்தத்தில் விடும். நீண்ட பட்டினியில் மூளை தன் தேவையில் பாதிக்கு மேல் கீட்டோனிலேயே சமாளிக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் கேஹிலின் குழு 1967-இலேயே காட்டியது. அல்சைமரில் மூளை குளுக்கோஸை எடுப்பது குறைகிறது, கீட்டோனை எடுப்பது பெரும்பாலும் குறைவதில்லை. இந்த ஆராய்ச்சி முழுக்க அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது.

கே: எலிக்கு அல்சைமர் வருமா?

ப: தானாக வராது. இந்த நோய் பரம்பரையாக வரும் குடும்பங்களில் கண்ட மரபணு மாற்றங்களைச் சுண்டெலிக்குள் வைக்கிறார்கள், அல்சைமரில் சேரும் அமிலாய்டு என்ற புரதம் அவற்றின் மூளையில் படிகிறது. ஆனால் பெரும்பாலான எலி வகைகளில் மனிதரைப் போல நரம்பணுக்கள் கூட்டமாகச் சாவதில்லை.

கே: கீட்டோவில் அந்தப் படிவு கரையும் என்கிறார்கள், கரையாது என்றும் சொல்கிறார்கள். எது சரி?

ப: இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. 2005-இல் ஒரு ஆய்வில் 43 நாள் கீட்டோ உணவுக்குப் பிறகு எலி மூளையில் அமிலாய்டு சுமார் 25% குறைந்தது. ஆனால் நினைவுச் சோதனையில் வித்தியாசமில்லை. 2013-இல் இன்னொரு குழு அமிலாய்டு படியும் எலி, அல்சைமரில் சேரும் இன்னொரு புரதமான டௌ படியும் எலி இரண்டிலும் பார்த்தது: படிவும் குறையவில்லை, நினைவும் தேறவில்லை. ஆனால் சுழலும் உருளையின் மேல் எலியை நிற்கவைத்து வேகத்தைக் கூட்டும் சோதனையில், கீட்டோ எலிகள் விழாமல் அதிக நேரம் தாக்குப்பிடித்தன.

எனக்கு முக்கியமாகப் படுவது அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த எலி ஆய்வு, 2024. ஏழு மாதம் கீட்டோ கொடுத்தார்கள். நரம்பிணைப்பை அடுத்தடுத்துத் தூண்டினால் அது வலுப்பட்டு அப்படியே நிற்க வேண்டும், நினைவு பதிவதற்கு அதுதான் வேர். நோயுற்ற எலிகளில் குன்றியிருந்த அந்தத் திறன், சாதாரண எலிகளின் அளவுக்குத் திரும்பியது. அமிலாய்டு அளவோ மாறவில்லை. படிவைத் தொடாமலே நரம்பிணைப்புக்கு உதவ முடிகிறது என்றால், படிவை மட்டும் குறிவைப்பது போதாது என்றே நினைக்கிறேன்.

கே: தேங்காய் எண்ணெய் குடித்தால் போதுமா அக்கா?

ப: போதாது. அதில் பாதிக்கு அருகில் லாரிக் அமிலம், அதிலிருந்து கீட்டோன் அவ்வளவாக உருவாகாது. கீட்டோனை நன்றாக ஏற்றும் கேப்ரிலிக் அமிலம் அதில் கொஞ்சம்தான்.

கே: அப்பாவுக்கு 74 வயது, அல்சைமர். சுகர் மாத்திரையும் போடுகிறார். சோற்றை நிறுத்திவிடட்டுமா?

ப: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ போகும்போது மாவுச்சத்தை வெட்டினால் சர்க்கரை அபாயமாகத் தாழலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை என்றால், ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் பெருகி ரத்தம் அமிலமாகிவிடலாம். எடை குறைவதும் இந்த நோயில் கெடுதல். நியூசிலாந்தில் 26 அல்சைமர் நோயாளிகளை வைத்து 12 வாரக் கீட்டோ உணவு ஆய்வு நடந்தது, முடிவு 2021-இல் வந்தது. அன்றாட வேலைகளும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன, அறிவுத்திறன் மதிப்பெண்ணில் உறுதியான முன்னேற்றம் இல்லை. சோறு போட்டு அப்பாவுக்குக் கெடுதல் செய்கிறோமோ என்று மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். அவர் போடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதி, கடந்த ஆறு மாத எடையோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.