செகண்ட் ஹாஃப்ல ஏன் மூச்சு வாங்குது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் பட்டுக்கோட்டை பக்கம், 65 கிலோ கபடி டீம்ல ரைடர், அதாவது எதிர் டீம் பக்கம் பாடிப் போறவன், வயசு 22. எங்க டீம்ல ஒரு சீனியர் அண்ணன் இருக்கார், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் ஓடும், தினமும் சரக்கு, ஆனா எந்த ஊர் டோர்னமெண்ட் போனாலும் பெஸ்ட் ரைடர் அவர்தான். நானும் ஒரு வருஷமா அவங்ககூட சேர்ந்து நாலஞ்சு சிகரெட் பிடிக்கிறேன், மேட்ச் ஜெயிச்சா குவார்ட்டர், தோத்தா பீர். ஃபர்ஸ்ட் ஹாஃப் நல்லாத்தான் போறேன், செகண்ட் ஹாஃப்ல ரெண்டு ரைடு போயிட்டு வந்தாலே மூச்சு வாங்குது, கோச் திட்டுறார். நெட்ல பார்த்தேன், சாக்ரடீஸ், கிரைஃப் மாதிரி பெரிய ஃபுட்பால் பிளேயருங்களே தம் அடிச்சவங்கதானாம். அப்ப சிகரெட்தான் காரணமா, இல்ல எனக்கு பிராக்டிஸ் பத்தலையா? உடம்பு வலிக்கு பீர் நல்லதுன்னு சொல்றாங்களே, உண்மையா? பேர் போட வேண்டாம்ணா.

*

அன்புள்ள தம்பி,

பிராக்டிஸ் பத்தி உங்க கோச் சொல்றதுதான் சரியா இருக்கும், அவர்தான் கிரவுண்ட்ல நின்னு பார்க்கிறார். ஆனா ஃபர்ஸ்ட் ஹாஃப் நல்லா போய் செகண்ட் ஹாஃப்ல மூச்சு வாங்குதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது சிகரெட் பண்ற வேலையோட அப்படியே பொருந்துது.

ஒரு ரைடு 30 செகண்ட்தான். அந்த 30 செகண்ட் பாயறதுக்கும் எட்டி உதைக்கிறதுக்கும் தசையில ஏற்கனவே சேர்ந்து கிடக்கிற சக்தியே பெரும்பாலும் போதும், அதுக்கு ஆக்ஸிஜன் உடனே வேணும்னு இல்ல. ஆக்ஸிஜன் வேலை செய்றது நீங்க திரும்பி வந்து மூலையில நிக்கிறீங்களே, அப்பதான். செலவான சக்தியை அடுத்த ரைடுக்குள்ள தசை மறுபடி நிரப்பணும், அதுக்குத்தான் அப்படி மூச்சு இழுக்குது. சிகரெட் கை வைக்கிறது அந்த இடத்துல. புகையில இருக்கிற கார்பன் மோனாக்ஸைடு நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும், ஆக்ஸிஜன் உக்காரவேண்டிய சீட்டுல அது உக்காந்துட்டு எழுந்திருக்காது. நிறைய பிடிக்கிறவங்களுக்கு அந்த மாதிரி பறிபோன ஹீமோகுளோபின் 10 சதவீதம்கூட இருக்கும், உங்களுக்கு அவ்வளவு இருக்காது, ஆனா இருக்கும். இது போதாதுன்னு நிகோடின் இதயத்துடிப்பை ஏத்தி விட்டுடும், அதாவது மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உங்க இதயம் வேலைய தொடங்கியாச்சு, புகையால மூச்சுக்குழாயும் சுருங்குது, கூடவே சளி. அதனால ஒவ்வொரு ரைடுக்கு அப்புறமும் கொஞ்சம் கொஞ்சம் பாக்கி விழுது, முதல் 20 நிமிஷத்துல அது தெரியாது, அடுத்த 20 நிமிஷத்துல மொத்தமா வந்து நிக்கும்.

இதனாலதான் நம்ம பசங்க ஏமாந்து போறாங்கன்னு நினைக்கிறேன். தம் அடிச்சுட்டு வந்து முதல் ரைடுல போனஸும் ஒரு டச்சும் எடுத்தா, ஒண்ணும் ஆகலையேன்னுதான் தோணும். போலீஸ் செலக்‌ஷனுக்கு போங்க, 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடச் சொல்லுவாங்க, கபடி ஆடுற பசங்க நிறைய பேர் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கிற வேலை அது, அங்க கடைசி ரவுண்டுல எந்த டெக்னிக்கும் கைகொடுக்காது.

உங்க சீனியர் அண்ணன் விஷயத்துக்கு வர்றேன். அவர் சிகரெட் பிடிச்சும் நல்லா ஆடுறார், சிகரெட்டால நல்லா ஆடல. அவர்கிட்ட இருக்கிற திறமையில சிகரெட்டும் சரக்கும் எடுத்துக்கிட்டது போக மிச்சத்தைத்தான் நீங்க பார்க்கிறீங்க, அந்த மிச்சமே உங்க ஏரியாவுல பெஸ்ட் ரைடர்னா, முழுசா இருந்திருந்தா அவர் எங்க ஆடியிருப்பார்னு நினைச்சா எனக்கு உண்மையிலேயே மனசு ஆறல.

சாக்ரடீஸ், கிரைஃப் கதையை நெட்ல பாதியோட நிறுத்திடுறாங்க தம்பி. சாக்ரடீஸ் 1982 உலகக் கோப்பையில பிரேசில் கேப்டன், மெடிக்கல் படிச்ச டாக்டரும்கூட, என்ன ஆகும்னு நம்ம எல்லாரையும்விட அவருக்கு நல்லா தெரியும், ஆனாலும் புகையும் குடியும் விடல. 2011ல வயித்துல ரத்தக்கசிவுன்னு ஆஸ்பத்திரிக்கு போயிட்டு போயிட்டு வந்து, அந்த வருஷம் டிசம்பர்லயே போயிட்டார், வயசு 57. கிரைஃப் பார்சிலோனாவுக்கு கோச்சா இருந்தப்ப 1991ல இதயத்துல பைபாஸ் ஆபரேஷன், அப்ப அவருக்கு வயசு 43. அதோட சிகரெட்டை விட்டுட்டு மேட்ச் நடக்கும்போது பெஞ்ச்ல லாலிபாப் வச்சு சப்பிக்கிட்டு உக்காந்திருப்பார். அப்புறம் புகைக்கு எதிரா ஒரு விளம்பரத்துல நடிச்சார், சிகரெட் பாக்கெட்டை பந்து மாதிரி காலால தட்டித் தட்டி கடைசியில ஓங்கி உதைச்சுத் தள்ளுவார், ஃபுட்பால் எனக்கு வாழ்க்கையில எல்லாத்தையும் கொடுத்துச்சு, புகையிலை அத்தனையையும் பறிக்கப் பார்த்துச்சுங்கிற அர்த்தத்துல பேசியிருப்பார். விட்டு 25 வருஷம் கழிச்சு, 2016ல, நுரையீரல் புற்றுநோய்ல இறந்தார். இன்னொரு பிரேசில் பிளேயர் கரிஞ்சா 1958லயும் 62லயும் உலகக் கோப்பை ஜெயிச்சவர், குடியால கல்லீரல் போய் 49 வயசுல முடிஞ்சுது. ஜார்ஜ் பெஸ்ட்னு இன்னொரு பெரிய ஃபுட்பால் பிளேயர், அவருக்கு 2002ல கல்லீரலே மாத்தி வச்சாங்க, அதுக்கப்புறமும் குடியை விடமுடியல, மூணு வருஷத்துல போயிட்டார். இவங்கள்லாம் நூறு வருஷத்துக்கு ஒருத்தர்னு சொல்ற அளவுக்கு திறமைசாலிங்க, அவங்களுக்கே இதுன்னா சாதாரண உடம்பு வச்சிருக்கிற நாம என்ன பண்றது.

இப்ப பீர். உடம்பு வலிக்கு பீர் நல்லதுங்கிறது பொய், தம்பி. போதையில வலி தெரியாது, அவ்வளவுதான், உள்ள நடக்கிறது நேர் எதிர். மேட்ச் முடிஞ்ச ராத்திரிதான் உடம்பு கிழிஞ்ச தசையை சரி பண்ற நேரம். ஆஸ்திரேலியாவுல எட்டு பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2014ல வெளியிட்டாங்க, சின்ன ஆய்வுதான், ஆனா ரிசல்ட் தெளிவா இருந்துச்சு. நல்லா வொர்க்கவுட் பண்ண விட்டு அப்புறம் மது கொடுத்திருக்காங்க, உங்க வெயிட்டுக்கு கணக்கு போட்டா ஒன்றரை குவார்ட்டருக்கு மேல வரும். தசை புதுசா புரதம் கட்டுற வேலை, கூடவே புரோட்டீன் எடுத்தும் 24 சதவீதம் குறைஞ்சுது, புரோட்டீன் எடுக்காம மாவுச்சத்து மட்டும் எடுத்தப்ப 37 சதவீதம். ஆக, முட்டையும் சிக்கனும் சைடிஷ்ஷா இருக்கே, அது சரி பண்ணிடும்னு நினைக்கிறதும் நடக்காது.

இன்னும் இருக்கு. உடம்புல தண்ணியைப் பிடிச்சு வைக்கிற ஹார்மோனை மது அடக்கிடும், ஏற்கனவே வேர்வையில லிட்டர் கணக்குல விட்டுட்டு வந்திருப்பீங்க, அதுக்கு மேல ஒண்ணுக்கா வேற போகும். முட்டியோ கணுக்காலோ பிசகியிருந்தா வீக்கம் கூடும், குடிச்ச ராத்திரி அது தெரியாம நடந்து திரிஞ்சு இன்னும் கெடுத்துக்குவீங்க. படுத்த உடனே தூக்கம் வரும், ஆனா நடுராத்திரிக்கு அப்புறம் தூக்கம் துண்டு துண்டா போயிடும். அப்புறம் ஒரு சின்ன கணக்கு, ஒரு குவார்ட்டர்ல கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால், கல்லீரல் மணிக்கு 7, 8 கிராம்தான் எரிக்கும், ரெண்டு நாள் டோர்னமெண்ட்ல ராத்திரி 12 மணிக்கு ஒரு குவார்ட்டர் போட்டா காலையில 8 மணிக்கு கோட்டுக்குள்ள இறங்கும்போதும் ரத்தத்துல கொஞ்சம் இருக்கலாம், அப்ப கேட்ச்சருங்க கை நீட்டுறதைப் பார்த்து காலை இழுக்கிற அந்த ஒரு நொடி எங்கருந்து வரும்? அந்த 60 கிராம்ல மட்டும் 400 கலோரிக்கு மேல இருக்கு, வெயிட் பார்க்கிற அன்னிக்கு சாப்பிடாம ஓடி ஓடி குறைக்கிற ஆளு நீங்க, யோசிச்சுக்கோங்க.

பீடிக்கு மாறினா பரவாயில்லையா, ஹான்ஸ், கூல் லிப் வச்சுக்கிட்டா புகை இல்லையேன்னு அடுத்து யாராவது சொல்லுவாங்க. பீடி சீக்கிரம் அணையும்ங்கிறதால அடிக்கடி இழுக்கணும், அதனால புகை அதிகமாத்தான் உள்ள போகும். வாயில அடக்குறது வாய்ப்புற்றுக்கு நேர் வழி, நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல தாடை எடுத்தவங்களைப் பார்த்தவங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்ல.

உங்களுக்கு சாதகமா ஒரு விஷயம் இருக்கு, ஒரு வருஷம்தான் ஆகுது, வயசு 22. சிகரெட்டை நிறுத்தின ஒண்ணு ரெண்டு நாள்லயே கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தை விட்டுப் போயிடும், சில வாரத்துல, சிலருக்கு ரெண்டு மூணு மாசத்துல, மூச்சு விடுறது நல்லா தெரியற மாதிரி லேசாகும். முதல் மூணு நாள் எரிச்சல், கோவம், தூக்கம் வராம போறது எல்லாம் இருக்கும், அப்ப மேட்ச் வச்சுக்காதீங்க, சீசன் இல்லாத நாளா பார்த்து நிறுத்துங்க. ஆசை வந்தா சில நிமிஷம்தான் உச்சத்துல இருக்கும், அந்த நேரத்துக்கு டீக்கடைப் பக்கம் போகாம இருந்தாலே பாதி ஜெயிச்ச மாதிரி. முடியலைன்னா 1800-11-2356ன்னு அரசாங்கத்தோட இலவச நம்பர் இருக்கு, புகையிலையை விடுறதுக்குன்னே வச்சிருக்காங்க, கூப்பிடுங்க, அதுல வெட்கமே வேண்டாம். நிறுத்தி மூணு மாசம் கழிச்சும் செகண்ட் ஹாஃப்ல இதே மாதிரி மூச்சு வாங்கினா ஹீமோகுளோபின் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிட்டு டாக்டரைப் பாருங்க, ரத்த சோகையோ வீசிங்கோகூட இருக்கலாம்.

சீனியர் அண்ணன்கிட்ட இதைப் படிக்கக் கொடுங்க, ஆனா ஒண்ணு. தினமும் குடிக்கிறவர்னு எழுதியிருக்கீங்க, அளவும் அதிகம்னா அவர் ஒரே நாள்ல தானா நிறுத்தக் கூடாது, கை நடுக்கத்துல ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து. மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல குடியை விடுறதுக்கு மருந்து கொடுப்பாங்க, நீங்களும் கூட போங்க, தனியா போகச் சொன்னா போக மாட்டார்.

அன்புடன்,
அண்ணன்