சீருடைக்குப் பிறகு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பெறாமகள் 6 வருடம் அமெரிக்க இராணுவத்தில் இருந்தவள். இப்போது எங்களோடு கொழும்பில் இருக்கிறாள். அங்கே மேலதிகாரி ஒருவன் தன்னிடம் தகாத முறையில் நடந்ததை இப்போதுதான் வாய் திறந்து சொன்னாள். அன்றைக்கு முறைப்பாடு செய்யவில்லை. இரவில் நித்திரை கொள்கிறாள் இல்லை. இனி ஏதும் செய்யலாமா?
- பெரியம்மா ஒருவர், வெள்ளவத்தை

பதில்: செய்யலாம். முறைப்பாடு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, அந்நாட்டின் முன்னாள் படைவீரர் திணைக்களம் (விஏ என்பார்கள்) அவளுடைய நட்டஈட்டுக் கோரிக்கையை ஒதுக்க முடியாது. இப்படியான சம்பவத்தால் வந்த மனவடுவுக்கு வேறு தடயங்களையும் ஏற்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. திடீரென்று இடமாற்றம் கேட்டது, வேலை மதிப்பீடு சரிந்தது, கர்ப்பப் பரிசோதனை செய்தது, குடிக்கத் தொடங்கியது, அந்த நாட்களில் வீட்டாருக்கு எழுதியது எல்லாம் அதில் அடங்கும்.

கடைசியாகச் சொன்னது உங்கள் கைத்தொலைபேசியிலேயே கிடக்கலாம். அந்த மாதங்களின் வாட்ஸ்அப் செய்திகளைத் திகதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதிதை வாங்கும்போதுதான் இவை அநேகமாகத் தொலைகின்றன. தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். புதுக்கடை நீதிமன்றப் பக்கம் தேடினால் கிடைப்பார்கள். ஆனால் அவளைக் கேட்காமல் ஒரு வரியும் அனுப்பக் கூடாது.

முதலில் அவள் 21-0966 படிவத்தை அனுப்பட்டும். ‘கோரிக்கை வைக்கப் போகிறேன்’ என்ற அறிவிப்பு அது. முழுக் கோரிக்கைக்கு ஒரு வருடம் அவகாசம் கிடைக்கும். பணம் அங்கீகரிக்கப்பட்டால் அந்த அறிவிப்புத் திகதியிலிருந்தே கணக்கிடவும் வழியுண்டு. பிறகு, நடந்ததை எழுத 21-0781. நீங்கள் சாட்சியாக எழுத 21-10210.

உங்கள் சாட்சியத்தில் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். “அவளுக்கு அங்கே கொடுமை நடந்தது” என்றால் அது ஊகம். “ஞாயிறு தவறாமல் அழைப்பாள். ஒக்டோபருக்குப் பிறகு மூன்று மாதம் அழைக்கவே இல்லை. லீவில் வந்தபோது அறைக் கதவுக்குக் கதிரையை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தாள்” என்றால் அது சாட்சியம்.

இந்தச் சம்பவம் தொடர்பான சிகிச்சைக்கு விஏ நிலையங்களில் கட்டணமில்லை, முறைப்பாட்டு ஆவணமும் தேவையில்லை. கொழும்பில் கதை வேறு. பாதிப்பு சேவையால் வந்தது என்று விஏ ஏற்ற பிறகுதான் அதன் வெளிநாட்டு மருத்துவத் திட்டம் பணம் தரும். அப்போதும் பெரும்பாலும் நாம் கட்டிய பிறகே, 2 வருடத்துக்குள், பற்றுச்சீட்டோடு கேட்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் போட்ட பில் உதவாது. நோயின் பெயரும் ஒவ்வொரு சேவையின் கட்டணமும் தனித்தனியே வேண்டும். அதுவரை காத்திருக்காமல் அரச வைத்தியசாலையின் உளமருத்துவக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எடுக்கலாம். என்ன நடந்தது என்று மறுபடி மறுபடி கேட்காதீர்கள்.

கேள்வி: இலங்கை இராணுவத்தில் 12 வருடம் மெஸ்ஸில் சமைத்தேன். ஹோட்டல்களில் சேர்ட்டிபிக்கட் கேட்கிறார்கள்.
- பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

பதில்: திரும்ப முதலாம் வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. அனுபவத்தை வைத்தே என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுக்கலாம். ஆர்பிஎல் (முன் அனுபவத்தை மதிப்பிடும் முறை) என்று சொல்லி, அரச தொழிற்பயிற்சி நிறுவனமான நைற்றாவில் விசாரியுங்கள். விலகல் பத்திரத்தில் நீங்கள் செய்த வேலை விவரமாக இராமல் போகலாம். எந்த வருடம் எத்தனை பேருக்கு என்ன சமைத்தீர்கள் என்று படைப்பிரிவிடம் தனிக் கடிதம் கேளுங்கள். முகாம் தெரியும் படங்களைக் கொடுக்க வேண்டாம்.

மதிப்பீட்டாளர் முன் சமைத்துக் காட்ட வேண்டிவரும். முந்நூறு பேருக்குக் கைக்கணக்கில் உப்புப் போட்டவர், நாலு பேருக்குக் கிராமில் அளக்கச் சொன்னால் தடுமாறுவார். வீட்டில் தராசு வைத்துப் பழகுங்கள். குளிரூட்டி 5 பாகைக்குக் கீழே, சூடாக வைக்கும் உணவு 60 பாகைக்கு மேலே: இதையும் மனப்பாடம் செய்து வையுங்கள்.

கேள்வி: காவல் கடமையில் பழகியதோ என்னவோ, பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. சலம் போகும்போது அடிக்கடி எரிவு.
- முன்னாள் வீராங்கனை, தெஹிவளை

பதில்: மறைவிடம் இல்லாத காவலரணில் இது பல பெண்களுக்கு ஒட்டிக்கொள்ளும் பழக்கம். சலத்தை அடக்க அடக்கக் கிருமி பெருகும். தாகம் வரட்டும் என்று இராமல் குடியுங்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, முட்டாவிட்டாலும் போய் வாருங்கள். பார்மசியில் நீங்களாக அன்டிபயோட்டிக் வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்துவதுதான் பெரிய பிழை. மருந்துக்கு முன்னரே, எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்யுங்கள்: சலத்தில் முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்து, 2 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். காய்ச்சலோ விலாப்பக்க நோவோ சேர்ந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.