கூப்பிடு தூரத்தில் யாரும் இல்லை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு வயது 26. சொந்த ஊர் முசிறி. பி.காம். முடித்து, திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். என் சம்பளம், என் ஸ்கூட்டி என்று இருந்தவள். போன வருடம் கல்யாணம் ஆனது. கணவர் மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா எங்கள் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர், தூரத்துச் சொந்தம்தான். மாமியார் வீடு கெடா மாநிலத்தில், கூலிம் பக்கம். நான் வந்து சேர்ந்த மாதமே கணவருக்குப் பேராக் மாநிலத்தில் வேலை கிடைத்தது. தெலுக் இந்தானிலிருந்து அரை மணி நேரம் உள்ளே போக வேண்டிய செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம். வெளிக்காட்டுக் கிராணி வேலை, அதாவது தோட்டத்தில் ஆட்களையும் வேலையையும் மேற்பார்க்கிற வேலை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இங்கே வந்துவிட்டோம்.

கம்பெனி கொடுத்த வீடு. சமையலறைக் கதவைத் திறந்தால் பத்தடியில் செம்பனை ஆரம்பிக்கிறது. அதற்கு அப்புறம் கண்ணுக்கெட்டிய வரை அதுதான். அவர் காலை ஐந்து மணிக்கு எழுந்து பிரட்டுக்கு, அதாவது ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் போவார். பத்து மணிக்குப் பசியாற வந்தால் கால் மணி நேரம். பிறகு சாயந்திரம்தான். வந்ததும் குளித்துவிட்டு ஃபோனோடு உட்கார்ந்துவிடுவார். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதியில் பங்களாதேஷிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த ஆண்கள். தமிழ்க் குடும்பம் என்று மூன்றோ நாலோ; அவர்களும் பகலில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பஸ் கிடையாது.

அம்மா வேலையெல்லாம் முடித்து, சீரியல் பார்த்துவிட்டு, ராத்திரி ஒன்பதரைக்குத்தான் கூப்பிடுவார். இங்கே அப்போது நடுராத்திரி பன்னிரண்டு. பேசினால் அழுகை வந்துவிடும். கணவர் எழுந்து வந்து, "காலையில அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணும், தெரியும்ல?" என்பார். அந்தக் குரலே போதும், மறுநாள் முழுக்க நான் அவரோடு பேசமாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கொடுத்துவிட்ட மணத்தக்காளி வற்றலில் வத்தக்குழம்பு வைத்தேன். கணவர் ஒரு வாய் சாப்பிட்டார். எழுந்து போய் கிச்சாப் (சோயா சாஸ்) பாட்டிலைக் கொண்டுவந்து அதன் மேலேயே ஊற்றினார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உள்ளே போய் அழுதேன். "என்ன ஆச்சு இப்ப?" என்றார். "உங்களுக்கு ஊர் இருக்கு, ஆளுங்க இருக்காங்க, எனக்கு யார் இருக்கா?" என்று கேட்டேன். "நானும் இங்க புதுசுதான்" என்று சொல்லிவிட்டு மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அழுகிறவளிடம் சொல்கிற பதிலா இது?

குடி கிடையாது, கைநீட்டியதும் இல்லை. ஆனால் ஃபோனுக்குக் காசு போட, மாதாமாதம் எனக்கு வேண்டியதை வாங்க என்று எல்லாவற்றுக்கும் பத்து வெள்ளி (ரிங்கிட்), இருபது வெள்ளி கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அவர் மறுப்பதில்லை. கேட்பதற்கு எனக்குத்தான் கூசுகிறது. மாமியாரிடம் சொன்னால், "எல்லாம் நம்ம ஆளுங்கதானே, கோயில் இருக்கு, ரேடியோவுல தமிழ் இருக்கு, என்னம்மா கஷ்டம்?" என்கிறார். பொங்கலுக்கு வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போ என்கிறார் அம்மா. போனால் திரும்பி வர மனசு வருமா என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு மனக்கோளாறு ஏதாவது இருக்கிறதா?

- பெயர் வேண்டாம், தெலுக் இந்தான் அருகிலிருந்து

அன்புள்ள தங்கைக்கு,

மனக்கோளாறு என்று எனக்குப் படவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் பகல் பொழுதை வேறு யாரிடம் கொடுத்தாலும் அவர்களும் அழுவார்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஏறக்குறைய எல்லா நாளும் மனம் சோர்ந்தே கிடந்து, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலுமே நாட்டம் இல்லாமல் போனால் டாக்டரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை தலைகாட்டினாலும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 15999 எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

உங்கள் மாமியார் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த "நம்ம ஆளுங்கதானே" என்பதுதான் உங்களை வாயடைக்க வைக்கிறது. அமெரிக்காவுக்கு வாழ்க்கைப்பட்ட பெண் ஊரை நினைத்து ஏங்கினால் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். தமிழ் பேசுகிற இடத்துக்கு வந்தவள் ஏங்கினால், இவளுக்கு என்ன குறை என்பார்கள். தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. உங்கள் கணவரின் தாத்தா காலத்தோடு போக்குவரத்து தேய்ந்து, இங்கே உள்ளவர்களுக்கு இதுவே ஊர் என்றாகி மூன்று, நான்கு தலைமுறை ஓடிவிட்டது. சாமியும் மொழியும் ஒன்று. சாப்பாடு, கேலி, கோபப்படுகிற விதம், பெண்டாட்டியிடம் எதைச் சொல்லலாம் என்கிற கணக்கு, எல்லாம் வேறு. நீங்கள் வெளிநாட்டுக்குத்தான் வந்திருக்கிறீர்கள். அதை நீங்களே முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் மாமியார் மனசில் இருக்கும் தோட்டம் ரப்பர் காலத்துத் தோட்டம். அங்கே லயத்தின் ஒரு சுவர்தான் இரண்டு வீட்டுக்கு. பொதுக்குழாயில் காலையில் நின்றால் பத்துப் பெண்களின் முகத்தைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகை. (சண்டையும் சாராயமும் உண்டு, அந்தரங்கம் என்று ஒன்றுமே இல்லாத வாழ்க்கை, அதையும் சொல்லிவிட வேண்டும், அதை நினைத்து உருகுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.) பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. நம்மவர்கள் தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) பட்டணங்களுக்கும் போனார்கள். கூப்பிட்டால் குரல் கொடுக்க ஆள் இருந்த காலம் முடிந்த பிறகு நீங்கள் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். இது உங்கள் சுபாவத்தின் கோளாறு இல்லை.

புது நாட்டுக்குப் போகிறவர்கள் முதலில் மயங்கி, பிறகு வெறுத்து, அப்புறம் மெல்ல ஒத்துப்போவார்கள் என்று கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1960இல் எழுதினார். இன்றும் பாடமாக வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில், பலருக்கு அந்த மயக்கமே வருவதில்லை, வந்து இறங்கிய முதல் மாதங்கள்தான் மிகக் கடினம் என்று தெரிந்தது. என்னிடம் வரும் மருமகள்களைப் பார்த்தால் எனக்கும் இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. புதுப்பெண் சந்தோஷமாக இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

கிச்சாப்பை விடுங்கள். இங்கே வளர்ந்த பிள்ளைகள் முட்டைப் பொரியல் முதல் ரசம் சாதம் வரை எல்லாவற்றிலும் ஊற்றுவார்கள். அவருடைய அம்மா சமையலிலும் ஊற்றித்தான் இருப்பார். எனக்கு முக்கியமாகத் தெரிவது அதற்கு அடுத்த வரி. "நானும் இங்க புதுசுதான்." நீங்கள் அதை எகத்தாளமாக எடுத்துக்கொண்டீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தேன்; தன் கஷ்டத்தை அவர் உங்களிடம் சொன்ன ஒரே இடம் அதுதான் என்று தோன்றுகிறது. இருட்டு விலகாத நேரத்தில், தன்னைவிட இருபது வருடம் மூத்த மண்டோர்கள் (மேஸ்திரிகள்) முன்னால் நின்று, மொழி தெரியாத ஆட்களுக்கும் சேர்த்து வேலை பிரித்துக் கொடுக்கிறார். எடை குறைந்தால், பழுக்காத குலையை வெட்டினால், கேள்வி இவரிடம்தான் வரும். கெடாக்காரருக்குப் பேராக்கில் கூட்டாளியும் இருக்கமாட்டார். சாயந்திரம் அந்த ஃபோனில் அவர் யாரைத் தேடுகிறார் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். கூலிம் நண்பர்களாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

அம்மாவின் அழைப்பை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். இங்கே காலை எட்டரை என்றால் முசிறியில் ஆறு. அம்மா காபி போடுகிற நேரம், உங்கள் வீட்டிலும் ஆள் இல்லாத நேரம். அழ வேண்டுமானாலும் நிம்மதியாக அழலாம். சண்டை நடந்த அன்றைக்கு மட்டும் வேறு பேச்சுப் பேசுங்கள். உங்கள் சண்டை மறுநாள் ஆறிவிடும், அம்மாவுக்கு ஆறாது.

பணத்தைப் பற்றிக் கூச்சத்தோடு இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் பாதி நோய் அங்கேதான் இருக்கிறது. சம்பாதித்த கை, பத்து வெள்ளிக்கு நீள்வது சின்ன விஷயமில்லை. மாதச் சம்பளம் வந்ததும் ஒரு தொகை உங்கள் கைக்கு வரட்டும், கணக்குக் கேட்காமல். வீட்டுக் கணக்கை நீங்களே எழுதுங்கள், அது உங்கள் தொழில்தானே. உங்களுக்கு இருப்பது மனைவிக்கான நீண்டகால அனுமதியாகத்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டே, குடிநுழைவுத் துறையின் ஒப்புதல் பெற்று வேலை பார்க்க வழி உண்டு. ஒப்புதல் இல்லாமல் யாராவது கடையில் கணக்கு எழுதக் கூப்பிட்டால் போய்விடாதீர்கள்.

அதற்கும் முன்னால் மோட்டார் லைசென்ஸ். ஸ்கூட்டி ஓட்டிய பெண், பஸ் வராத தோட்டத்தில் அடைந்து கிடந்தால் மூளை வேறு எதைத்தான் யோசிக்கும்? உங்கள் அனுமதியில் எப்படி எடுப்பது என்று ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) இருவரும் போய்க் கேளுங்கள். தெலுக் இந்தானில் சந்தை, கோயில், தையல் கடை, நாலு தமிழ் முகம் எல்லாம் இருக்கிறது. சாய்ந்த கோபுரத்துக்கு முன்னால் ஃபோட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புங்கள். 1885இல் தண்ணீர்த் தொட்டிக்காகக் கட்டியதாம், இன்னும் விழவில்லை. மலாய் கற்றுக்கொள்ளவும் அந்தச் சந்தையைவிட நல்ல வகுப்பு கிடையாது.

தம்பி, இந்தப் பத்தி உங்களுக்கு. பசியாற வரும் அந்தக் கால் மணி நேரத்தில் ஃபோனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். காலையில் பிரட்டில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், யார் முறைத்தார், யார் வேலைக்கு வரவில்லை என்று எதுவாக இருந்தாலும் சரி. உங்கள் வீட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலக மூளை சும்மா உட்கார்ந்திருக்கிறது. மனைவியின் பாஸ்போர்ட் உங்களிடம் இருந்தால், அதையும் அவரிடமே கொடுத்து வையுங்கள்.

பொங்கலுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள், தங்கையே. ஓடிப்போவதாக நினைத்துக் குமைய வேண்டாம். ஆனால் மூன்று மாதம் அதிகம், மூன்று வாரம் போதும். சண்டை போட்ட அன்று டிக்கெட் போடாதீர்கள். கோலாலம்பூர் திரும்பும் தேதியையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள், முடிந்தால் கடைசி ஒரு வாரத்துக்கு அவரையும் வரச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள அனுமதி எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள்.