வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகள் ஆஸ்திரேலியா, சைபீரியாவிலிருந்து வருபவையா? எந்த மாதம் போனால் நன்றாகப் பார்க்கலாம்?

இல்லை, அங்கே கூடு கட்டுபவை நம் நாட்டுப் பறவைகள்தான். சீசன் வந்தால் "ஆஸ்திரேலியப் பறவைகள் வருகை" என்று யாராவது தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் ஆஸ்திரேலியாவில் கிடையவே கிடையாது. கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, பாம்புத்தாரா எல்லாம் தண்ணீரும் இரையும் உள்ள இடம் பார்த்து நாட்டுக்குள்ளேயே இடம் மாறுபவை.

வடக்கே சைபீரியா, மத்திய ஆசியா பக்கமிருந்து வருபவை நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை. குளிருக்குத் தப்பி வந்து, இங்கே இரை தின்றுவிட்டு, முட்டையிட ஊர் திரும்பிவிடும்.

எந்த மாதம் என்பதை வடகிழக்குப் பருவமழைதான் முடிவு செய்யும். ஏரி நிரம்பி நீர்க்கடம்பு மரங்களின் அடி முழுகினால்தான் கூடு கட்டும். பூனையும் கீரியும் மரமேற முடியாதபடி தண்ணீர்தான் காவல். மழை பொய்த்த ஆண்டில் மரங்கள் காலியாகவே நிற்கும். மழை சரியாகப் பெய்தால் நவம்பர், டிசம்பரில் கட்டத் தொடங்கும். அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம்; மஞ்சள்மூக்கு நாரைக் குஞ்சு பறக்க அதற்குமேல் இரண்டு மாதம். அதனால் என் கணக்கில் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிவரை போவதே நல்லது. டிசம்பர் முதல் வாரத்தில் போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்புபவர்கள் நிறைய.

காலை 6 மணிவாக்கில் போய்விடுங்கள், அல்லது மாலை 4 மணிக்குமேல் இருங்கள். இரை தேடப் போன பெரிய பறவைகள் கூடு திரும்புவது மாலையில்தான். பதினொரு மணிக்குப் போனால் வெயிலில் குஞ்சுக்குச் சிறகை விரித்து நிழல் கொடுத்தபடி நிற்பதைத்தான் பார்க்கலாம். அதுவும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.

பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) போதும். பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கத்தில் படம் ஆடும். அதை வைத்து நத்தைகுத்தியின் அலகை உற்றுப் பாருங்கள்: மூடியிருக்கும்போதும் நடுவில் சந்து தெரியும். வயல் நத்தையைப் பிடித்து சதையை உருவ உதவும் அலகு அது. சிறு குஞ்சின் அலகில் சந்து இருக்காது, வளர வளரத்தான் விழும். வயதை அதை வைத்தே ஊகிக்கலாம்.

கரையில் கத்துவது, கை தட்டிப் பறக்கவிடுவது வேண்டாம். தாய் எழுந்த சில நிமிடங்களில் காகம் முட்டையைத் தூக்கிவிடும். ஊர்க்காரர்கள் இதில் கறார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் அவர்களே பரம்பரையாகக் காத்து வந்த இடம் இது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, அவற்றைக் காக்க 1798-ல் உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது.

சென்னையிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் வந்து படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். வடக்கத்தி வாத்துகள்தான் வேண்டுமென்றால் பக்கத்திலுள்ள கரிக்கிலி ஏரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்த நீர்ப்பரப்பு அதிகம் என்பதால் அவை அங்கே தெளிவாகத் தெரியும்.