நரை இல்லாத பெரியவர்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா காலமான பிறகு அவருடைய நிலத்தை நானும் என் கணவரும்தான் பார்த்துக்கொள்கிறோம். எனக்கு விவசாயம் தெரியாது. அதனால் பாரம்பரிய நெல் பயிர் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே ஒருவர் இருக்கிறார். டிபியில் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா படம், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயர் மட்டும். சில வருடங்களாக என் வயலுக்கு வைத்தியம் சொல்கிறவர் அவர்தான். போன சம்பாவில் தூயமல்லி நெல் வட்டம் வட்டமாகக் கருகி நின்றபோது, சாயங்காலம் எடுத்த படத்தை ராத்திரி அனுப்பினேன். "புகையான். விடிந்ததும் முதல் வேலையாகத் தண்ணீரை வடியுங்கள். யூரியா பக்கமே போகாதீர்கள். பட்டம் விட்டு நடவில்லையா?" என்று அப்போதே பதில் வந்தது (புகையான் என்பது தூரில் சாறு உறிஞ்சுகிற பூச்சி, பட்டம் என்பது நடவில் இடையிடையே விடுகிற இடைவெளி). அப்பா திட்டுவது போலவே இருந்தது. நிலத்தை ஏக்கரில் சொல்ல மாட்டார், மா, வேலி என்றுதான் சொல்வார். நான் அவரை ஐயா என்றே கூப்பிட்டேன், அவரும் மறுத்துச் சொன்னதில்லை.

என் மனதில் அவருக்கு ஒரு உருவம் இருந்தது. வெள்ளைத் தாடி, தோளில் துண்டு, திண்ணையில் சாய்வு நாற்காலி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித்தேடித் தட்டுகிற ஒரு பெரியவர். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் விதை நெல் வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து, "அக்கா, நான்தான்" என்று ஊர்ப் பெயரைச் சொன்னாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். சுடிதார், தோளில் ஒரு பை. எனக்குப் பேச்சே வரவில்லை. அவளும் "நீங்க இப்படி இருப்பீங்கன்னு நினைக்கலக்கா" என்று சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவளிடம் எதையும் கேட்க முடியவில்லை. என் பெரியவரை யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்று இருக்கிறது. ஒரு சின்னப் பெண்ணிடம் ஏமாந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது, அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருக்கிறது. பார்க்காதவர்களுக்கு நாம் ஏன் முகம் செய்துகொள்கிறோம்? என் கணவர் தனக்கு எந்த முகமும் வராது, எழுத்து மட்டும்தான் தெரியும் என்கிறார். அப்படியும் இருப்பார்களா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த வெட்கத்தை விடுங்கள். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. தண்ணீரை வடிக்கச் சொன்னார், அது சரியான வைத்தியம். யூரியா வேண்டாம் என்றார், அதுவும் சரி. பட்டம் விடாமல் நெருக்கி நட்ட வயலில் காற்றும் வெளிச்சமும் தூருக்குள் போகாது, புகையானுக்கு அதுதான் பிடிக்கும் என்று வேளாண்மைத் துறைக்காரர்களும் சொல்வார்கள். அவர் சொன்னதில் எது பொய்யாகிவிட்டது? முகம் ஒன்றுதான் மாறியிருக்கிறது. அந்த முகத்தை அவர் உங்களுக்குக் கொடுக்கவில்லை, நீங்களே செய்துகொண்டது அது.

எதையெல்லாம் எடுத்துச் செய்தீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தாடி நம்மாழ்வாருடையது. 1938இல் இளங்காட்டில் பிறந்து, 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் கண்ணை மூடிய அந்த மனிதரின் வெள்ளைத் தாடியும் பச்சைத் தலைப்பாகையும் டெல்டாவில் எத்தனையோ பேருக்கு டிபி. கல்லூரிப் பையனும் வைத்திருப்பான், ஓய்வு பெற்ற வாத்தியாரும் வைத்திருப்பார். திட்டு உங்கள் அப்பாவுடையது, அதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வயதைக் கொடுத்தது அந்த மா, வேலிக் கணக்கு. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பதைத் தாத்தாக்களின் கணக்கு என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் போலிருக்கிறது, ஆனால் வயலோரம் வளர்ந்த பிள்ளைகள் இன்றைக்கும் அதில்தான் பேசுகிறார்கள், நடவுக்குக் கூலி பேசும்போது "எத்தனை மா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சாய்வு நாற்காலி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. யோசித்துப் பாருங்கள், சின்ன வயதில் நீங்கள் பயந்து பயந்து கடந்துபோன ஏதாவது ஒரு திண்ணையில் அது கிடக்கும். அந்த உருவத்தில் அந்தப் பெண்ணுடையது ஒரு முடிகூட இல்லை, முழுக்க உங்கள் ஊரும் உங்கள் வீடும்தான்.

ஏன் செய்கிறோம் என்றால், குறைவாகத் தெரிந்ததை வைத்து நிறையக் கட்டிக்கொள்வது மனதின் வேலை. ஜோசப் வால்தர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996இல் இதைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தார். எழுத்தில் மட்டும் பழகுகிறவர்கள் கிடைக்கிற சின்னச் சின்னக் குறிப்புகளை ஊதிப் பெரிதாக்கி, மிச்சத்தைத் தங்களுக்கு வேண்டிய மாதிரி நிரப்பிக்கொள்கிறார்கள், எழுதுகிறவரும் யோசித்து, திருத்தி, நல்லதை மட்டும் அனுப்ப முடிகிறது, அதனால் நேரில் பழகுவதைவிட நெருக்கம் சில சமயம் கூடிவிடுகிறது என்பது அவர் வாதம். நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஊர்ச் சாமி பெயரை வைப்பதால் பெயர் ஒன்றே போதும். சௌரிராஜன் என்று கேட்டதும் திருக்கண்ணபுரம், சாரங்கபாணி என்றதும் கும்பகோணம், தியாகராஜன் என்றதும் திருவாரூர், கூடவே ஒரு வயது, ஒரு நெற்றி, ஒரு நடை எல்லாம் வந்துவிடும். உங்களுக்குப் பெயரும் கிடைக்கவில்லை, ஊர் மட்டும்தான் கிடைத்தது. அதனால் இன்னும் தாராளமாக நிரப்பியிருக்கிறீர்கள்.

இது வாட்ஸ்அப்போடு வந்த பழக்கமும் இல்லை. வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரத்தில் இலங்கை வானொலி திருச்சி நிலையத்தைவிடத் தெளிவாகக் கேட்ட காலம் ஒன்று உண்டு. அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவுக்கும் அப்துல் ஹமீதுக்கும் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு முகம் இருந்தது. பின்னாளில் அப்துல் ஹமீது இங்கே தொலைக்காட்சியில் பாட்டுக்குப் பாட்டு நடத்த வந்தபோது என் அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இப்பதான் அவர்" என்றார். சில வாரங்கள் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், அப்புறம் எந்த வாரத்தில் கண்ணைத் திறந்தார் என்று எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை, அவருக்கும் இல்லை, பழைய முகம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. உங்களுக்கும் அதுதான் நடக்கும், ஆனால் அத்தை வாராவாரம் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் நடந்தது. நீங்கள் கேட்பதையே நிறுத்திவிட்டீர்கள்.

உங்கள் கணவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும், நம்புங்கள். பிரான்சிஸ் கால்டன் 1880இலேயே, அன்று காலை சாப்பிட்ட மேசையை மனதில் பார்க்க முடிகிறதா என்று பலரிடம் கேட்டார், அவர்களில் சிலருக்கு எதுவுமே தெரியவில்லை. இப்படி மனக்கண்ணில் படமே வராதவர்களைப் பற்றி ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவர் 2015இல் எழுதி, அதற்கு 'அஃபான்டேசியா' என்று பெயரும் வைத்தார். அது நோய் இல்லை. அவர்களும் நம்மைப் போலத்தான் பழகுகிறார்கள், ஆட்களை ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் கணவர் அந்தப் பெண்ணின் வார்த்தையை வார்த்தையாகவே வாங்கிக்கொண்டிருக்கிறார். திருவிழாவில் அவருக்கு அதிர்ச்சி இருந்திருக்காதே?

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. உங்கள் கடிதத்தில் முதல் பாதி முழுக்க 'அவர்'. திருவிழாவில் பார்த்த வரியிலிருந்து 'அவள்'. அதே ஆள், சொன்ன வைத்தியமும் அதேதான். வயதில் சின்னவரை அப்படிச் சொல்வது நம் வழக்கம்தான், உங்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. ஆனால் மரியாதை இடம் மாறியபோது நம்பிக்கையும் கூடவே இறங்கிவிட்டது, அதுதான் என்னை உறுத்துகிறது. அந்த ராத்திரியில் டிபியில் அந்தப் பெண்ணின் சொந்தப் படம் இருந்திருந்தால் விடிந்ததும் மடையைத் திறந்திருப்பீர்களா? இல்லை, இன்னும் ரெண்டு பேரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இருந்திருப்பீர்களா? புகையான் அவ்வளவு நேரம் கொடுக்காது.

நம் டெல்டாவில் நடவும் களையெடுப்பும் பெண்கள் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. எந்தப் பாத்தியில் தூர் கட்டவில்லை, எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்பது குனிந்து நிற்கிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் விவசாயிகள் கூட்டம் என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து ஆனைக்கொம்பன் ஈயைப் பற்றிக் கேட்டதற்கு, அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் அண்ணனைப் பார்த்துப் பதில் சொன்னதை நான் நேரில் பார்த்தேன். அண்ணன் சென்னையில் வேலை பார்க்கிறவர், அன்றைக்குத் துணைக்கு வந்திருந்தார், அவ்வளவுதான். இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, நீங்கள் ஐயா என்று கூப்பிட்டபோது அந்தப் பெண் ஏன் மறுக்கவில்லை என்று எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. அந்தத் தாடிக்குப் பின்னால் இருந்தவரைக்கும் அவர் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். உங்கள் கற்பனைப் பெரியவர் அந்த வகையில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார், ஒரு சின்னப் பெண்ணின் அறிவு உங்கள் வயலுக்கு வந்து சேர வழி விட்டிருக்கிறார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லலாம். அவரைக் கொண்டுபோனதற்காக அந்தப் பெண்ணை ஒதுக்குவது நியாயமில்லை.

கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பார்க்காமல் பழகியவர்கள் என்றாலே எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள், 'புணர்ச்சி பழகுதல் வேண்டா' என்ற குறளுக்குப் பரிமேலழகரே அவர்களைத்தான் காட்டுகிறார். உறையூர்ச் சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் உயிர்விட உட்கார்ந்தபோது, பாண்டிய நாட்டிலிருந்து தன் நண்பன் வருவான், அவனுக்கு இடம் வையுங்கள் என்றான், அவரும் வந்தார் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். வந்தவரைப் பார்த்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில், 1894இல், பதிப்பித்த புறநானூற்றில் 191ஆம் பாட்டின் பழைய குறிப்பைப் பாருங்கள். உம்மைப் பற்றி எத்தனையோ காலமாகக் கேள்விப்படுகிறோமே, உமக்கு நரை இல்லையே என்று அங்கிருந்த சான்றோர் கேட்டார்களாம். அவர்களும் மனதில் ஒரு நரைத்த தலையை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள்! எதிரே வந்து நின்ற தலை கறுப்பு.

எனக்கு அந்தச் சான்றோரை மிகவும் பிடிக்கும். நினைத்த ஆள் இவர் இல்லை என்று அவர்கள் பின்வாங்கவில்லை, ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று அவரிடமே கேட்டார்கள். கேட்டதால்தான் அந்தப் பாட்டே நமக்குக் கிடைத்தது. என் மனைவி குணம் நிறைந்தவள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர்கள் நான் நினைப்பதையே நினைக்கிறார்கள், அரசன் தகாததைச் செய்யாமல் காக்கிறான், எல்லாவற்றுக்கும் மேலே என் ஊரில் அடக்கமான சான்றோர் பலர் இருக்கிறார்கள், அதனால் நரைக்கவில்லை என்கிறார். நரை ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்குத் தன் வீட்டையும் ஊரையும் எடுத்துச் சொல்லிவிட்டார் மனிதர். அவர்கள் எதிர்பார்த்தபடியே வெள்ளைத் தலையோடு வந்திருந்தால் அந்தக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியதும் அந்தக் கேள்விதான். இந்த வயதில் உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், யார் சொல்லிக்கொடுத்தது, மா கணக்கு யாரிடம் பழகினாய், ராத்திரி அந்த நேரத்தில் என் வயல் படத்தைப் பார்த்து உடனே பதில் போட எப்படி முடிந்தது என்று கேளுங்கள். ஒரு தாத்தா இருக்கலாம், ஒரு அப்பாயி இருக்கலாம், தோற்றுப்போன ஒரு போகம்கூட இருக்கலாம். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு இல்லாமல் போகக் கூடாது. உங்களைத் தாத்தாவாக நினைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுங்கள், சாய்வு நாற்காலி உட்பட. மறைத்தால்தான் அது உறுத்திக்கொண்டே இருக்கும். இன்னொன்று, 'நீங்க இப்படி இருப்பீங்கன்னு நினைக்கலக்கா' என்று அவர் சொன்னாரே, எப்படி நினைத்திருந்தார் என்று நீங்கள் கேட்கவே இல்லையா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. உங்களுக்கும் ஒரு முகம் அங்கே இருந்திருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டாம், நேரில் போய்க் கேளுங்கள். ஆடியில் சம்பாவுக்கு நாற்று விட ஆரம்பித்துவிட்டால் உங்கள் இரண்டு பேருக்கும் நேரம் இருக்காது. அதற்குள் ஒருநாள் கணவரையும் கூட்டிக்கொண்டு அவர் ஊருக்குப் போய்வாருங்கள், வயலைக் காட்டச் சொல்லுங்கள். தூயமல்லி விதை அவரிடம் மிச்சம் இருந்தால் ஒரு மரக்கால் எனக்குச் சொல்லி வையுங்கள், எங்கள் ஊரில் ஒரு தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அன்புடன்.