ஏத்தன் குலையும் பெரியப்பாவின் பட்டாவும்

கேள்வி: குரூப் 4 தேர்வில் தேர்ச்சி பெற்று, விளவங்கோடு வட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வாரிசுச் சான்றிதழுக்கு மனு செய்திருந்த மூதாட்டி ஒருவர், வேலை முடிந்ததும் ஓர் ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலையைக் கொண்டுவந்து அலுவலக வாசலில் வைத்தார். ‘இதெல்லாம் வாங்கக் கூடாது, எடுத்துக்கொண்டு போங்கள்’ என்று சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே போனார். கேட்டு வாங்கினால்தான் தப்பு, அன்பாகக் கொடுப்பதை மறுக்கலாமா என்று உடன் பணிபுரிபவர்கள் கேட்கிறார்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. என் பெரியப்பாவின் பட்டா மாறுதல் மனு என்னிடமே விசாரணைக்கு வந்திருக்கிறது. ஆவணங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. நானே பரிந்துரை செய்யலாமா?

பதில் தருபவர்: வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர்

குலையை வாங்காமல் விட்டது சரி. மறுத்த விதம்தான் சரியில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், கேட்டு வாங்கினால்தான் தப்பு என்ற பேச்சு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எல்லா அலுவலகங்களிலும் இதைக் கேட்டிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களின் காதில் முதலில் ஓதப்படுவதும் இதுதான்.

1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 7-ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். 2018-இல் திருத்தப்பட்ட பிறகு அது இன்னும் தெளிவாக இருக்கிறது. வேலையை ஒழுங்காகவே செய்திருந்தாலும், அதை வைத்து முறையற்ற ஆதாயம் பெற்றால் அந்தப் பெறுதலே குற்றம் என்று அதன் விளக்கம் சொல்கிறது. ஆதாயம் பணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பணத்தில் மதிப்பிடக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தனக்காக வாங்கினாலும் பிறருக்காக வாங்கினாலும், நேராக வாங்கினாலும் இன்னொருவர் மூலம் வாங்கினாலும் ஒன்றுதான். கிராம உதவியாளரின் கையில் ‘சாயாக் காசு’ கொடுக்கச் சொல்லிவிட்டு, நான் தொடவே இல்லையே என்று யாரும் தப்பிக்க முடியாது. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: வழக்கமான ரேஷன் அட்டை விண்ணப்பத்தை உரிய நேரத்தில் முடித்துக் கொடுக்க ஐயாயிரம் ரூபாய் கேட்கும் அரசு ஊழியர் குற்றவாளி. சட்டத்துக்குப் புறம்பான எதையும் அவர் செய்யவில்லை; தன் கடமையைத்தான் செய்தார். ஆனால் அதற்கு விலை வைத்தார். தண்டனை குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறை, அபராதமும் உண்டு.

கேட்காமல் வந்தால்? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இதற்கும் பதில் சொல்லிவிட்டது. கொடுப்பவர் தாமாக முன்வந்து நீட்ட, அரசு ஊழியர் வாங்கிக்கொண்டால் அதுவும் 7-ஆவது பிரிவுக்குள் வரும். அவர் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஒரு வாழைக்குலைக்காக உங்கள் மேல் யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன. திருமணம் போன்ற நிகழ்ச்சிகளில், ஊர் வழக்கப்படி, அலுவல் தொடர்பு இல்லாத உற்றார் தரும் அன்பளிப்புக்குத்தான் அங்கே இடமுண்டு. அதற்கும் மதிப்பு வரம்பு உண்டு. தாண்டினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வரம்பு அவ்வப்போது மாறுவதால், நடப்புத் தொகையை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமையில் உள்ள உண்மையான கஷ்டம் வேறு. ஒரு கிராமத்தில் உங்களோடு அலுவல் தொடர்பே இல்லாதவர் யார்? சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, பட்டா என்று ஏதாவது ஒன்றுக்காக எல்லா வீட்டுக்காரரும் என்றாவது உங்களிடம் வந்தாக வேண்டும். ஆகவே ‘இப்போது இவருக்கு என்னிடம் மனு இல்லையே’ என்ற கணக்கு கிராமத்தில் பலிக்காது. இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை.

2017-இல் நான் வருவாய் ஆய்வாளராக இருந்தேன். அந்த ஆண்டு ஓணத்துக்கு வாழை விவசாயி ஒருவர் என் வீட்டுக்கு ஒரு குலை கொண்டுவந்தார். நல்ல மனிதர். அவருக்கு என்னிடம் எந்த மனுவும் இல்லை. வாங்கி வைத்தேன். நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. வாழையும் ரப்பரும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்து கிடந்தன. கடலுக்குப் போனவர்களைத் தேடிக் கடற்கரை ஊர்கள் கதறிக்கொண்டிருந்தன. சேதக் கணக்கெடுப்பில் அவருடைய வாழைகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டியவனாக நானே போய் நின்றேன். ஒரு மரம்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர் என் முகத்துக்கு நேரே கேட்டார்: ‘சார், ஓணத்துக்குக் குலை வந்த தோட்டம்தானே இது?’ என்னிடம் பதில் இல்லை. என் கணக்கு சரியாக இருந்தது, ஆனால் அதை நம்பும்படி அவரிடம் சொல்லும் தகுதியை நான் செப்டம்பரிலேயே இழந்திருந்தேன். அந்தக் குலையின் விலையை அன்றைக்குக் கொடுத்தவர் அந்த விவசாயி. சரியாகக் கிடைத்த நிவாரணத்துக்காக ஊரெல்லாம் அவரைப் பழித்தது. இன்றைக்கு நினைத்தாலும் மனம் கனக்கிறது.

உங்கள் கையெழுத்தை நம்பித்தான் ஏழை வீட்டுப் பெண்ணின் கல்லூரி உதவித்தொகையும், மனுவோடு நிற்கும் விதவையின் ஓய்வூதியமும் நகர்கின்றன. குலை கொண்டு வந்தவர் வேலை ஒழுங்காகவே நடந்தாலும், குலை வாங்க வழியில்லாமல் வரிசையில் நிற்பவர் மனத்தில் என்ன ஓடும் என்று பாருங்கள். தன் மனு தாமதமானால், இணைய இணைப்பு இல்லாததால்தான் தாமதம் என்றாலும், அவர் நம்ப மாட்டார். அடுத்த முறை கடன் வாங்கியாவது ஏதோ ஒன்றைக் கொண்டு வருவார். காரியம் விரைவாக நடக்கக் கொடுக்கும் காசைப் பற்றி, நம்மவரான கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு 1964-லேயே எச்சரித்தது. அந்தப் பழக்கம் தொடங்குவது பெரும்பாலும் இப்படி, ஒருவரும் கேட்காமலே.

சாயா, இளநீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அடுத்து அந்தக் கேள்விதான் வரும். வெயிலில் நில அளவைக்குப் போன இடத்தில் ஒரு செம்பு தண்ணீரையோ மோரையோ மறுக்க வேண்டியதில்லை. எப்போதாவது ஒரு வேளைச் சாப்பாடு போன்ற சாதாரண உபசரிப்பை அன்பளிப்பாகக் கருதுவதில்லை என்று மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளே சொல்கின்றன. அலுவல் தொடர்புள்ளவரிடம் ஆடம்பர விருந்தும் அடிக்கடி உபசரிப்பும் கூடாது என்றும் அதே இடத்தில் சொல்கின்றன. எல்லைத் தகராறுக்குப் போனால் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இரண்டு தரப்பில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இளநீர் குடித்தால், வரப்பு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பழி உங்கள் மேல் வரும். தண்ணீர் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இனி பெரியப்பா. நீங்கள் பரிந்துரை செய்யக் கூடாது. ஆவணங்கள் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் கூடாது.

இதற்கு ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். இந்திய வனப் பணிக்கு ஆள் தேர்வு செய்யும் குழுவில், ஜம்மு காஷ்மீரின் பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலர் உறுப்பினராக இருந்தார். அவரும் அதே தேர்வுக்கு ஒரு போட்டியாளர். தன் பெயர் வந்தபோது அவர் குழுவிலிருந்து எழுந்து விலகிவிட்டார். மற்றவர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார். 1969-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வை ரத்து செய்தது. அவர் உண்மையில் பாரபட்சம் காட்டினாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை. பாரபட்சம் நேர நியாயமான வாய்ப்பு இருந்ததே போதும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். கிரைபாக் வழக்கு என்று இதைச் சொல்வார்கள். நம் துறையில் நுழையும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

செய்ய வேண்டியது எளிது. வட்டாட்சியருக்கு எழுத்துமூலம் ஒரு கடிதம்: இன்ன எண்ணுள்ள மனுவின் மனுதாரர் என் தந்தையின் உடன்பிறந்த அண்ணன், ஆகவே விசாரணையை வேறு அலுவலருக்கு மாற்றித் தர வேண்டுகிறேன். இவ்வளவுதான். மனு நன்றாக இருக்கிறது, நல்ல குடும்பம், ஆவணங்களைச் சரிபார்த்துவிட்டேன் என்று ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். அது விலகிக்கொண்டே பரிந்துரை செய்வதாகும். பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் தொலைபேசியில் ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதும் அப்படித்தான். கடிதத்தின் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கொடுக்காமல், கெட்ட பெயர் வருமோ என்று பயந்து மனுவைக் கீழே வைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நேர்மையைக் காட்டுவதற்காகப் பெரியப்பாவின் நியாயமான உரிமையைத் தாமதப்படுத்துவதும் அநீதிதான். மனு வந்த வரிசைப்படி அதற்குரிய நாளில் நகர வேண்டும், வேறு கையால்.

பெரியப்பா கோபப்படுவார். ‘சொந்தத் தம்பி மகள் அலுவலராக இருந்து என்ன பயன்’ என்று வீட்டில் பேச்சு வரும். அவரிடம் சட்டம் பேசாதீர்கள். அவருக்கு உதவும் உண்மையைச் சொல்லுங்கள். ‘பெரியப்பா, குடும்பச் சொத்து இது. நாளைக்கு அத்தை வழியிலோ சித்தப்பா வழியிலோ யாராவது பாகம் கேட்டு நீதிமன்றம் போனால், முதலில் என் கையெழுத்தைத்தான் காட்டுவார்கள். உங்கள் பட்டா உறுதியாக நிற்க வேண்டுமென்றால் அதில் என் பெயர் வரக் கூடாது.’ நிலத் தகராறுகளைக் கண்ட நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது உடனே புரியும்.

அந்த மூதாட்டியிடம் திரும்புவோம். பெரியவர்களையும் அதிகாரிகளையும் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று பழகிய தலைமுறை அது. சான்றிதழை நீங்கள் செய்த தயவு என்று அவர் நினைத்தார். நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தன்னிடம் இருந்ததில் நல்லதைத் தூக்கி வந்தார். ‘எடுத்துக்கொண்டு போங்கள்’ என்றதும், தான் கேவலமான எதையோ செய்துவிட்டதாக அவருக்குப் பட்டிருக்கும். இனி யாராவது கொண்டு வந்தால் முதலில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். ‘இந்தச் சான்றிதழ் உங்கள் உரிமை, இதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது, நீங்கள் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை’ என்று பொறுமையாகச் சொல்லுங்கள். குலையை அங்கன்வாடிக்குக் கொடுத்துவிடலாம் என்று சிலர் வழி சொல்வார்கள். வேண்டாம், ‘வாங்கிக்கொண்டார்’ என்ற செய்திதான் ஊரில் மிஞ்சும். பஸ் நிறுத்தம் வரை அதை நீங்களே தூக்கிக்கொண்டு போய் அவரை ஏற்றிவிட்டு வாருங்கள். நாலு பேர் பார்க்கட்டும்.

அடுத்த முறை அந்தப் பக்கம் ஆய்வுக்குப் போகும்போது அவர் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அன்று கடுமையாகப் பேசிவிட்டேன் அம்மா, மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லுங்கள். ஒரு செம்பு மோர் தந்தால் குடித்துவிட்டு வாருங்கள்.