தோல் சைக்கிள் சீட் தொடக்கத்தில் கடினமாக இருந்து, பின்னர் வசதியாவது ஏன்? அதை எப்படிப் பராமரிப்பது?

தோல் சீட் என்பது, பஞ்சு எதுவும் வைக்காமல், தடித்த மாட்டுத்தோலை உலோகச் சட்டத்தின் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே இழுத்துக் கட்டியதாகும். நம் எடையை முக்கியமாகத் தாங்குபவை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள். புதுச் செருப்பு நாளடைவில் பாதத்துக்குப் பழகுவதுபோல, அவை அழுத்தும் இடங்களில் தோல் மெல்லக் குழிந்து, எடையைப் பரவலாகத் தாங்கத் தொடங்குகிறது. ஆகவே வாங்கும்போது மென்மையை விட அகலத்தையே பார்க்க வேண்டும் என்பேன். இரு எலும்புகளும் ஓரச் சட்டத்தின் மேல் அல்லாமல் தோலின் மேல் அமர வேண்டும். நிமிர்ந்து ஓட்டுபவர்களுக்குச் சற்றுக் கூடுதல் அகலம் தேவை. மழையில் உறையிட்டு மூடுங்கள். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள், ஏனெனில் ஈரத்தோலின் மேல் ஓட்டினால் அது தொய்ந்துவிடும். எண்ணெயில் ஊறவைத்தால் விரைவில் பழகும் எனப் பலர் நம்புகிறார்கள். உண்மையில் மிகையான எண்ணெய் தோலின் உறுதியைக் குலைக்கும், தோலுக்கான மெழுகை எப்போதாவது மெல்லியதாகப் பூசினாலே போதும்.